சாவுச் செட்டு

லிந்துலைக்கு மேலே தேயிலைக்குள் வளைந்து ஏறும் பாதை முடிகிற இடத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயம் இருக்கிறது. அதன் கடைசிக் காம்பராவில் குடியிருக்கிறார் சிவசாமி. கீழே கடைத்தெருவில் நின்று அவர் வீட்டுக்கு வழி கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. பிறகு ஒருவர் நெற்றியைச் சுருக்கி, "யாரு, தப்புக்காரச் சிவசாமியா?" என்பார். உடனே எல்லோரும் வழி காட்டுவார்கள்.

சிவசாமி தன் வாழ்நாளில் தப்புப் பறையைக் கையில் எடுத்ததே இல்லை. எடுத்தவர் அவருடைய அப்பா இராமையா. விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட அவர்தான் அடிப்பார். தோட்டத்தில் உயிர் பிரிந்தவர்களைச் சுடுகாடுவரை கொண்டுபோய் விடுவதும் அவருடைய அடிதான். பெரட்டுக்கு மின்சாரச் சங்கு வைத்த பிறகு சாவு மட்டும் அவருக்கு மிஞ்சியது. அவர் கை செயலற்றுப் போனபோது அவர் இடத்துக்கு மகனைக் கூப்பிட்டார்கள். மகன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனார். தப்பு அடுப்புக்கு மேலே புகையில் கிடந்து, தோல் கிழிந்து, விறகோடு விறகாய்ப் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

அது தன்னோடு ஒழியட்டும் என்றுதான் சிவசாமி நினைத்திருந்தார். ஆனால் ஒருநாள் மகள் வினோதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே சுவரைப் பார்த்து நின்றாள். தாய் மீனம்மா கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள். வகுப்பில் அவள் பாடம் வாசிக்க எழுந்தால், பின் வரிசையில் விரலால் மேசையைத் தட்டுவார்களாம். பாடை தூக்கும்போது தப்பில் அடிக்கிற அடி. ஆசிரியர் திரும்பினால் நிறுத்திவிடுவார்கள். அவள் உட்கார்ந்ததும் சிரிப்பார்கள்.

சிவசாமி அன்று சோற்றைத் தொடவில்லை. தட்டுகிற அந்த விரல்களை எப்படி நிறுத்துவது என்பதே அவர் நினைப்பாக இருந்தது. அடித்து நிறுத்த முடியாது, அவை வேறு வீட்டுப் பிள்ளைகளின் விரல்கள். தன் குடும்பத்துக்கு இன்னொரு பெயர் வந்தால்தான் அவை ஓயும் என்று அவருக்குத் தோன்றியது.

அவருக்கு இரும்பும் ஈயமும் தெரியும். லயத்தில் யாருடைய ரேடியோ ஊமையானாலும் அவரிடம்தான் வரும். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் டவுனிலிருந்து மைக் செட்டு வரும். அதன் கரகரப்பில் அம்மன் பாட்டு அருவருப்பாய்க் கேட்கும். அந்த இடத்தில் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர் நின்றால்? கோயில் கோபுரத்தில் கட்டிய குழாயிலிருந்து அம்மன் பாட்டு மலை முழுக்கப் போனால்? அதற்குப் பிறகு வினோதாவை யார் தப்புக்காரன் மகள் என்பார்கள்?

இந்த ஆசையில்தான் அவர் செட்டைக் கட்ட உட்கார்ந்தார்.

போனில் படம் பார்த்து, பார்த்ததைத் தன் மலைக்கு ஏற்ப மாற்றினார். டவுன்காரர்கள் தரை அதிர வேண்டும் என்று கட்டுவார்கள். இங்கே அதிர்வுக்கு வேலையில்லை. இந்தப் பக்கத்து லயத்துக்கும் அந்தப் பக்கத்து லயத்துக்கும் நடுவே பள்ளம், பள்ளம் நிறையப் பனி. மனிதக் குரல் அதைக் கடந்து போய்ச் சேர வேண்டும். குரலுக்காகவே அவர் எல்லாக் கணக்கையும் போட்டார்.

செப்புப் பலகையில் கோடு வரைய வினோதாவின் நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸை எடுத்தார். சிவப்புக் கோடுகளோடு பலகையை மீனம்மாவின் பிளாஸ்டிக் பேசினில் மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டார். கோடு இருந்த இடம் தப்பியது, மற்ற செம்பு கரைந்துபோனது. பேசினில் ஏறிய காவிக் கறை போகவே இல்லை. மீனம்மா அதற்காக ஒரு வாரம் முணுமுணுத்தாள். பிறகு, கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு அவளே டார்ச் பிடித்தாள்.

ஒலியில் ஏறும் பாதியை ஒரு டிரான்சிஸ்டர் தூக்கும். இறங்கும் பாதியை அதன் ஜோடி தூக்கும். ஒன்று விட்டு மற்றது வாங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பிசிறு விழும். சத்தமான பாட்டில் அது தெரியாது. மெல்லிய குரலில், தழுதழுக்கிற குரலில், மணலைக் கடித்தது போலத் தெரியும். டவுன் செட்டுகள் எல்லாவற்றிலும் இருந்த பிசிறு அதுதான். இரண்டுக்குள்ளும் எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் ஓடவிட்டால் பிசிறு மறையும். கொஞ்சம் கூடினால் இரண்டும் சூடேறி எரியும். சிவசாமி காலைக் குளிரில் அளவு பார்த்து வைத்தார். மத்தியானம் வெயில் ஏறியதும் முதல் ஜோடி புகைந்து போனது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சில்லு கடுகளவுகூட இல்லை, போலி. மறுபடி கொழும்புக்குச் சொல்லி அனுப்பி வாங்கினார். சூட்டைப் பார்த்து அளவைத் தானே குறைத்துக்கொள்ள இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரை அலுமினியத் தகட்டின் முதுகில் ஒட்டவைத்தார். இரைச்சல் வராமலிருக்க எர்த் வயர்களை எல்லாம் கொண்டுவந்து ஒரே ஆணியில் முடித்தார்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நடுவே ஒரு குண்டு பல்பைக் கோத்தார். தவறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட்டு தப்பிக்கும். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கிவிட்டது. மைக்கை வினோதாவிடம் நீட்டினார். அவள் கூச்சத்தோடு, "அப்பா" என்றாள். மூச்சு விட்டதுகூடக் கேட்டது. பள்ளத்துக்கு அப்பால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். சிவசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

கோயில் கமிட்டித் தலைவர் நல்லமுத்து செட்டைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். தொழிலாளர் சங்கத்திலும் அவர்தான் தலைவர். அவர் வாக்கு தோட்டத்தில் எழுதி வைத்த மாதிரி. இந்த வருடத் திருவிழாவுக்கு வெளியிலிருந்து செட்டு வேண்டாம், சிவசாமி செட்டே போதும் என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டார். மீனம்மா செட்டுக்கு மஞ்சள் துணி தைத்தாள். வினோதா பள்ளிக்கூடத்துக்குத் தலை நிமிர்ந்து போனாள்.

கொடியேற்றத்துக்குச் சில நாள் இருக்கையில் நல்லமுத்துவின் தாயார் அம்மாக்கண்ணு இறந்துபோனார்.

பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தொட்டிலாட்டியே கிழவியானவர் அவர். சிவசாமியும் அவர் மடியில் வளர்ந்தவர்தான். மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே நின்றார். நல்லமுத்து வீங்கிய கண்ணோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

"ஆத்தா போயிருச்சு சிவசாமி. ஒங்க அப்பா இருந்தா அடிச்சே அனுப்பியிருப்பாரு. அவரு இல்ல. செட்டையாவது கொண்டா."

"தலைவரே, அது சாமிக்குன்னு கட்டுனதுங்க. இன்னும் ஒரு பாட்டுகூடப் போடல."

"ஒன்னயத் தூக்கி வளத்தவளுக்கு இல்லாத செட்டா? திருவிழாவுக்கு நான் பொறுப்பு. என்னய நம்பமாட்டியா?"

உள்ளே மீனம்மா மஞ்சள் துணியைச் செட்டின் மீது இழுத்துப் போட்டு, வேண்டாம் என்று கையை அசைத்தாள். சிவசாமி அவளைப் பார்க்கவில்லை. பிணம் கிடக்கிற வீட்டுக்காரன் வாசலில் நின்று கேட்கிறான். அந்த மடியின் சூடு அவருக்கு இன்னும் நினைவிருந்தது. துணியை விலக்கிச் செட்டைத் தோளில் தூக்கினார்.

அன்று அந்த மலை அழுததைப் போல என்றும் அழுததில்லை. ஒப்பாரி சொல்லும் பெண்கள் மைக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குரல் உடைகிற இடம், மூச்சு இழுக்கிற இடம், தொண்டைக்குள்ளேயே சிக்கி நிற்கிற "ஆத்தா" என்ற சொல், எல்லாம் ஒரு பிசிறில்லாமல் பனியைத் தாண்டிப் போயின. எதிர் மலையில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, செத்தது யாரென்றே தெரியாமல் அழுதார்கள். மெல்லிய குரலுக்காகவே அவர் கட்டிய செட்டு அது. மெல்லிய குரலில் மனிதர்கள் பாடுவது சாவில்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்புகையில் ஒருவர் அவர் தோளில் தட்டினார். மெய்யான பாராட்டு. "ஒங்க அப்பா தப்பவிட இது நல்லாப் பேசுது. கரண்டுத் தப்பு." எல்லோரும் சிரித்தார்கள். துக்கத்துக்கு நடுவே அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

கமிட்டி கூடியது. சாவுக்கு அழுத செட்டு அம்மனுக்கு முன்னால் எப்படிப் பாடும் என்று பூசாரி கேட்டார். யாரும் மறுக்கவில்லை. சிவசாமி நல்லமுத்துவின் வீட்டுக்கு ஓடினார். மொட்டையடித்த தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார் நல்லமுத்து.

"நான் தீட்டுக்காரன் சிவசாமி. கோயில் வாசப்படி மிதிக்க முடியாது. கமிட்டியில எப்படிப் பேசுவேன்?"

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே தலைவரே."

"ஆத்தா செத்த நேரத்துல ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா?"

அவர் தாயைத் தூக்கிப் போன செட்டு, அவர் தாயின் தீட்டாலேயே கோயிலுக்கு வெளியில் நின்றது. திருவிழாவுக்கு டவுன் செட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் விரல்கள் ஓயவில்லை. இப்போது தட்டுவதோடு, வாயால் குழாய் போல ஊதவும் செய்தார்கள்.

அதன் பிறகு தலவாக்கலைப் பக்கம் எங்கே சாவு விழுந்தாலும் சிவசாமியின் வாசலில் ஆள் நிற்கும். அழுதுகொண்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? மீனம்மா திட்டுவாள். அவர் போவார். ஒப்பாரிக்கு அந்தச் செட்டு மாதிரி வராது என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் அவரை உயிரோடு புதைத்தது.

அவருக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கெட்டுப்போனது செட்டுதானே, இன்னொன்று கட்டிவிட்டால் தீர்ந்தது. கவ்வாத்து வேலை முடிந்து வந்து, காய்த்த கையோடு மறுபடி ஈயத்தை உருக்கினார். முதல் செட்டில் கற்ற பாடமெல்லாம் இதில் இருந்தது. இன்னும் தடித்த தகடு, இன்னும் சுத்தமான குரல். சாவு வீட்டு வயர் ஒன்றுகூட இதில் படவில்லை. பட்டுத் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பூசாரி கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

"செட்டு புதுசுதான் சிவசாமி. கட்டுன கை?"

சிவசாமி தன் கைகளைப் பார்த்தார். ஈயம் தெறித்த தழும்புகள். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்த தோல். அந்தக் கைகளாலேயே செட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதை அலுமாரிக்கு மேலே வைத்தார். கோயில் கதவு அடைத்தால் அடைக்கட்டும். மகள் கல்யாணத்தில் யார் தடுப்பார்கள்? அதில் நாதஸ்வரம் கேட்கும். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் கேட்கும். ஒரே ஒருமுறை மங்கலமாய்ப் பேசிவிட்டால் போதும் என்று காத்திருந்தார்.

வினோதா படித்து முடித்தாள். ஹற்றனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குப் போனாள். அங்கே கந்தப்பளைப் பையன் கிஷாந்தைப் பிடித்துப்போனது. பையன் வீட்டார் விசாரித்தபோது, அப்பாவுக்கு எலெக்ட்ரிக் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. கல்யாணத்தைத் தோட்டத்தில் வைக்கக் கூடாது, ஹற்றனில் மண்டபம் பிடிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். சிவசாமி சந்தோஷமாகச் சம்மதித்து, அலுமாரி மேலிருந்த செட்டை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்பா, நம்ம செட்டு வேணாம்."

"இது புதுசும்மா. ஒரு சாவுக்கும் போனதில்ல."

"எனக்குத் தெரியும்பா. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? சாவுச் செட்டு வந்துருச்சுன்னு ஒருத்தர் வாயத் தொறந்தா போதும், எல்லாம் வெளிய வந்துரும்."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு. அன்னைக்கு நீங்க மைக் செட்டு பக்கமே போகக் கூடாது. ஒயரு, சுவிச்சு எதையும் தொடக் கூடாது. நீங்க தொட்டா யாராவது எதையாவது சொல்லுவாங்க. சத்தியம் பண்ணுங்கப்பா."

மீனம்மா அடுப்படியில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசாமி மகளின் உள்ளங்கையில் தன் கையை வைத்தார்.

கல்யாணத்தன்று வாடகைச் செட்டு ஓயாமல் இரைந்தது. எர்த் வயரை எங்கே மாற்றிக் கட்ட வேண்டும் என்பது மண்டபத்தில் நுழைந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாலி ஏறியது. வினோதா குனிந்த தலையை நிமிர்த்தி அப்பாவைத் தேடிச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக எத்தனை செட்டை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

பந்திக்கு இலை போட்டார்கள். அப்போதுதான் நல்லமுத்து வந்து சேர்ந்தார். தோட்டத்துத் தலைவரை அழைக்காமல் கல்யாணம் செய்ய முடியாது. சிவசாமி ஓடிப்போய் அவரை மேடைக்குக் கூட்டிவந்தார். மணமக்களுக்கு மாலை போட்ட நல்லமுத்து, மேடை ஓரத்தில் மைக்கைக் கண்டதும் அதைக் கையில் எடுத்தார். மைக்கைக் கண்டால் விடுகிற மனிதர் இல்லை அவர். மணமக்களை வாழ்த்தினார். மலைநாட்டுப் பிள்ளைகள் படித்து முன்னேறுவதைப் பற்றிப் பேசினார். பிறகு திரும்பிச் சிவசாமியை அன்போடு பார்த்தார்.

"சம்மந்தி வீட்டாருக்கு இவரப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

சிவசாமிக்குப் புரிந்துவிட்டது. வாடகை ஆம்ப்ளிஃபயர் அவர் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு நாற்காலி மேல் இருந்தது. அதன் சுவிட்சில் சிவப்பு விளக்கு. விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், மண்டபம் ஊமையாகிவிடும். கை எழுந்தது. மகளின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. எழுந்த கை அந்தரத்திலேயே நின்றது.

"எங்க தோட்டத்துத் தப்புக்காரக் குடும்பம். இவரு அப்பா அடிச்சாத்தான் எங்க ஊர்ல பொணம் எழும்பும். இப்ப இவரு செட்டு. எங்க ஆத்தாவ நல்லபடியா அனுப்புனது இந்தக் கைதான்."

நல்லமுத்துவின் முகத்தில் துளிகூட வஞ்சகம் இல்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். பையனின் தாயார் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் வரிசை எழுந்தது. யாரும் சண்டை போடவில்லை. பையனின் அப்பா மட்டும் சிவசாமியிடம் வந்து, பொண்ணை இப்போதே கூட்டிப் போகிறோம், சாப்பாடு வேண்டாம், எங்கள் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். கிஷாந்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனம்மா ஒவ்வொரு பெண்ணாகப் பிடித்து, ஒரு வாய் தண்ணீராவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவர்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு நடந்தார்கள். பரிமாறிய சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

வேன் புறப்பட நின்றது. சிவசாமி ஜன்னலருகே போய் நின்றார். வினோதாவின் கன்னத்தில் மை வழிந்திருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்ததால் குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"கைக்கிட்டத்தான இருந்துச்சு. ஒரு சுவிச்ச அணைக்க முடியலயாப்பா ஒங்களால?"

நீ சொன்னதால்தானே தொடவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. சொன்னால் அந்தப் பழியும் அவள் தலையில்தானே விழும் என்று விழுங்கிக்கொண்டார்.

"தோணலம்மா" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் நுவரெலியா ரோட்டில் ஏறியது.

வினோதா அதன் பிறகு தோட்டத்துக்கு வரவில்லை. போனில் தாயோடு மட்டும் பேசுகிறாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. பேச்சுச் சத்தம் கேட்கும்போது சிவசாமி எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். தான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் மகள் போனை வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.